ஏழாம் எண் வாசல் சப்பாத்துகள்

மல்கிரேவில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பில், எதிர்வீட்டில் ஹரல்ட் தனியாக இருந்தார். 1930களில் லிவர்பூலுக்கும் நியூயோர்க்குக்கும் ஓடிய பயணிகள் கப்பலில் பணியாளாக இருந்தவர். பயணிகள் இரவில் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைப்பார்களாம். இவர் அடியில் வெண்கட்டியால் அறை எண்ணை எழுதி, எடுத்துப்போய் மினுக்கி, விடிவதற்குள் திரும்ப வைப்பாராம். இந்தக் கதையை என் மனைவி சத்தியபாமாவுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1976இல் அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. ஒருநாள் கீழ்வீட்டாரின் பால் போத்தல்களை எடுத்து எல்லா வாசலிலும் வைத்துவிட்டார். இன்னொரு முறைப்பாடு வந்தால் முதியோர் இல்லம்தான் என்று மகள் மார்கிரட் சொல்லிவிட்டாள். அந்தப் பேச்செடுத்தாலே கிழவர் அழுதுவிடுவார்.

நவராத்திரிப் பூசைக்கு எங்கள் வீட்டுக்கு எட்டுக் குடும்பங்கள் வந்தன. பூசை முடிந்து முதலில் வெளியே போன விக்னராஜா என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"தேவராஜா, ஒரு சப்பாத்தையும் காணேல்லையடா! வெறுங்காலோடயே கார் ஓடுறது?"

"உங்கட பழஞ்சப்பாத்தை ஆர் அண்ணை களவெடுக்கப்போறான்?" என்றாள் சத்தியபாமா.

எதிர்க்கதவு திறந்திருந்தது. சப்பாத்துக் குவியலின் நடுவே ஹரல்ட் முழங்காலில் நின்று மினுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு எண் ஏழு. அதனால் எல்லாவற்றின் அடியிலும் ஏழு.

"ஏழாம் அறையில் இத்தனை பேரா, சார்?" என்று என்னைக் கேட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

அந்த நேரம் பார்த்து மார்கிரட் இரவுச் சாப்பாட்டோடு படியேறி வந்தாள். வெறுங்காலோடு நின்ற எங்களையும் தகப்பனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்பா எடுத்துவிட்டாரா?"

எல்லோருக்கும் விக்னராஜாவின் வாய்க்குத்தான் பயம். அவர் தன் சப்பாத்தைத் தேடியெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நாங்கள்தான் கொடுத்தோம்," என்றார் ஆங்கிலத்தில். பிறகு குனிந்து, "நியூயோர்க் எப்போது வரும், ஹரல்ட்?" என்று கேட்டார்.

"மூடுபனி, சார். நாளை காலையாகும்."

மார்கிரட் சாப்பாட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, தகப்பனுக்குப் பக்கத்தில் அமர்ந்து சோடி சேர்க்கத் தொடங்கினாள். ஒரு சின்னச் செருப்பைத் தூக்கிக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்டாள்.

தீபாவளிக்கு விக்னராஜா வந்தபோது காலில் ஒரு சோடி, கையிலிருந்த பையில் இன்னொரு சோடி.

"என்ன அண்ணை இது?" என்றாள் சத்தியபாமா.

"கந்தோர் வேலைக்குப் போடுறது, பிள்ளை. ஹரல்ட் நிக்கிறாரோ?"

"ஓம், பின்னேரத்தில இருந்து வாசலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்."