பெயர் எழுதாத தகரம்

"அப்பாவோட நல்ல போட்டோவா ஒண்ணு சீக்கிரம் தேடி எடு அக்கா. சட்டம் போடுற கடைக்காரர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிடுவாராம்."

வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டே தம்பி சொன்னான். மூத்தவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து, போனில் அப்பா அனுப்பிய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் அப்பா இறந்துபோனார். உடல் வர மூன்று மணியாகும் என்றார்கள். அதற்குள் சட்டத்தில் போட ஒரு முகம் வேண்டும்.

முகம்தான் கிடைக்கவில்லை. எல்லாம் செடி. நாற்பது வருடம் ஊர்க் கடைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதியவர், ஏணியில் ஏற முடியாமல் போனதும் தோட்டத்தில் இறங்கினார். செடி விஷயத்தில் பூஜ்யம். ஆனால் ஒன்றுவிடாமல் தகரத்தில் பெயர் எழுதிக் குத்திவைப்பார். தக்காளிக்கு அவர் எழுதியதைப் பார்த்தால் நகைக்கடைப் பலகை தோற்றுவிடும்.

ஒரு படம் மட்டும் இன்னும் திறக்கப்படாமல் மங்கலாக, நடுவில் அம்புக்குறியோடு நின்றது. கீழே அப்பா கேட்டிருந்தார்: 'நீ குடுத்த கவர்ல இருந்து வந்தது. குளிர் விட்டதும் வெள்ளையா பூத்திருக்கு. என்ன பூம்மா?' அதற்கு அவள் பதில்: 'பார்த்தேன்பா. களை. பிடுங்கிப் போடுங்க.'

பதினோரு நாளாகிறது. அன்றைக்கு விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. முளைத்த விதைகளை நூறு நூறாக எண்ணிக்கொண்டிருந்தாள். படத்தைத் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும். மிஞ்சும் விதைகளைப் பெயர் எழுதாத கவரில் போட்டு, "சும்மா தூவுங்கப்பா" என்று கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன்.

"அந்த வெள்ளைப் பூ என்னன்னு நீ சொல்லவே இல்லையேடி. களைன்னியாம். 'அவ அவசரத்துல சொல்லிருப்பா, ஒரு நாள் நிதானமா பார்த்துச் சொல்லுவா'ன்னு தகரத்துக்கு வெள்ளை மட்டும் அடிச்சு, வெறுமனே குத்தி வச்சிருக்கார்."

மூத்தவள் அம்புக்குறியைத் தொட்டாள். படம் தெளிந்தது.

நாலு இதழ். லேசான ஊதா நரம்பு.

"முள்ளங்கிம்மா."

"முள்ளங்கியா?"

"பிடுங்காம விட்டா இப்படித்தான் பூக்கும். நாமதான் அதுவரைக்கும் விடுறதில்ல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல மனுஷன். முள்ளங்கிக்குப் போய் காலையும் சாயங்காலமும் காவல் நின்னார். இதைக் கேட்டிருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பார்."

ஒரு விநாடி பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம். மூத்தவளும் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் படத்தின் கீழ் ஓரத்தைக் கவனித்தாள்.

அப்பாவின் கால். கணுக்கால் எங்கே என்றே தெரியாமல் உப்பி மினுமினுத்தது. வெட்டப்பட்ட செருப்பு வார் இரண்டு பக்கமும் தொங்கியது.

நேற்று டாக்டர் கேட்டார்: "இதயம் ரொம்பத் தளர்ந்திருக்கு. இந்த வீக்கம் ரெண்டு வாரமாவது இருந்திருக்கும். யாருமே பார்க்கலையா?" அவளும் தம்பியும் இருப்பது வேறு வேறு ஊர்களில். "எங்களுக்குத் தெரியாதே டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொன்னது அவள்தான்.

அழித்துவிடலாம் என்று தோன்றியது. கட்டைவிரல் அதற்குப் போயும்விட்டது.

"எனக்கும் காட்டுடி." அம்மா போனை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டாள். "வெள்ளை தெரியுது. கீழ இது என்ன, கல்லா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது.

"அப்பா காலும்மா. வீங்கியிருக்கு. எனக்குத்தான் அனுப்பியிருக்கார். நான் படத்தைத் திறந்தே பார்க்கல."



"செருப்பு கடிக்குதுன்னார்," என்றாள் அம்மா. "கத்திரிக்கோல் எங்கன்னு கேட்டார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அக்கா, போட்டோ கிடைச்சுதா?" என்று வாசலிலிருந்து தம்பி கேட்டான். அம்மா போனைக் கண்ணுக்கு இன்னும் அருகே கொண்டுபோனாள். திரை மங்கும்போதெல்லாம் மூத்தவள் அதன் ஓரத்தில் விரல் வைத்து, அணையாமல் பார்த்துக்கொண்டாள்.