ஆட்டம் நின்ற வண்டி

பிக்கப் வண்டிக்கு அடியில் மெக்கானிக் மல்லாந்து கிடந்தார். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. டிரைவர் சீட்டில் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

"இடப்பக்கம் முழுசா ஒடி."

ஒடித்தாள்.

"இப்ப வலப்பக்கம். மெதுவா. வம்புக்குப் போற மாதிரி இழுக்காத."

"வம்பு பேசறதெல்லாம் நீங்க. நான் திருப்பறதோட சரி."

வாய் ஓயாத மனிதர் என்பதால், அவள் டிரைவராக இருக்கும் சிமெண்டுக்கல் கம்பெனியில் அவருக்கு ஊமை என்று பெயர்.

கொஞ்ச நாளாகவே வண்டி வேகம் பிடித்துப் பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரம் இரண்டும் உதறும். ஸ்டியரிங் கையை உதறிவிட்டு ஓடப் பார்க்கும். தோள் கடுத்துத் தலை வார அவளால் கையைத் தூக்க முடியவில்லை. கணவன்தான் பின்னிவிட்டான். அதே கம்பெனியில் லோடுமேன் அவன். கல்லுக்குக் கயிறு கட்டுகிற கை. "அவிழாது, நம்பிப் போ" என்பான்.

சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது, விட்டுப்போனால் சக்கரமே பிய்ந்துவிடும் என்றார் ஊமை. மாற்றுவதென்றால் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும்.

"வண்டி படுத்தா தொழில் படுத்துரும்" என்றார் முதலாளி. "ஆட்டத்த அடக்க ஸ்டெபிலைசர்னு ஒண்ணு விக்குதாமே, அத மாட்டுங்க. ஜாயின்ட்ட அப்புறம் பார்க்கலாம். உன் கைதானே வலிக்குது, நீயே பார்த்து எடு."

கடையில் தண்டு நீட்டிய இரண்டு உருளைகளை எடுத்து வைத்தார்கள். சிவப்பில் ஒன்று, கேஸ் அடைத்தது. கறுப்பில் ஒன்று, ஆயில் மட்டும். சிவப்பின் தண்டை உள்ளே அழுத்திக் கையை எடுத்தால் தானாக வெளியே வந்தது.

"இது ஸ்டியரிங்கை ஒரு பக்கமாவே தள்ளிக்கிட்டு இருக்கும்" என்றார் ஊமை. "மருமகள நாத்தனார் தள்ற மாதிரி."

கறுப்பு விட்ட இடத்திலேயே நின்றது. அவள் நாலைந்து முறை இழுத்தும் அழுத்தியும் பார்த்தாள். கனமாக, ஒரே சீராக வந்தது. அதையே எடுத்தாள்.

இப்போது அதன் ஒரு முனை அச்சில், மறுமுனை சக்கரங்களைத் திருப்பும் டை ராடில். சக்கரம் நேராக நின்றால் தண்டு பாதி வெளியே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஒடித்தாலும் முட்டக் கூடாது. முட்டவில்லை. ஊமை வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"கேட்டுக்க. ஆட்டந்தான் நிக்கும், தேய்மானம் நிக்காது. அழற பிள்ளை வாயில துணிய வச்சாப்ல. ஜாயின்ட் வர்ற வரைக்கும் பாதி லோடு. முதலாளிக்கும் சொல்லிட்டேன்."

முதலாளி தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பள்ளம் மேடெல்லாம் ஏறி இறங்கி, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுது! ஜாயின்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஃபுல் லோடு ஏத்துங்க. மேல இன்னொரு வரிசையும் வைங்க."

லோடுமேன்கள் நான்கு பேர். லோடின் மேலே உட்கார்ந்துதான் போவார்கள். அவள் கணவன் கையில் கல்லோடு நின்று அவளைப் பார்த்தான்.

"முதலாளி, பாதி லோடுன்னுதானே பேச்சு?" என்றாள் அவள்.

"அது ஆடுனப்ப பேசுனது. இப்ப எங்க ஆடுது?"

"உள்ள ஆடுது."

"உனக்குத்தான் உள்ள ஆடுது." அலுவலக வாசலில் நின்ற அவருடைய மச்சான் சிரித்தான்.

அவள் ஊமையின் பையிலிருந்து இரண்டு ஸ்பானரை எடுத்தாள். அவர் படுத்த சாக்கிலேயே படுத்து வண்டிக்கடியில் நுழைந்தாள்.

"ஏய், என்ன பண்றே?" என்றார் முதலாளி.

"வண்டி வாய்விட்டுச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு." குரல் அடியிலிருந்து வந்தது. "நான்தான் கடைக்குப் போய், பார்த்துப் பார்த்து, அது வாயப் பொத்த ஒண்ண வாங்கிட்டு வந்தேன்."

புது நட்டு. லேசாகக் கழன்றது. வெளியே வந்து, கறுப்பு உருளையை முதலாளியின் கையில் வைத்தாள்.

"உங்க பொருள், வச்சுக்குங்க. இப்ப ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. லோடு மேல உங்க வீட்டு ஆளுங்கள உட்கார வச்சுக்கிட்டு."

முதலாளியின் காது சிவந்தது. "சாவிய வச்சுட்டுப் போ."

பானட்டின் மேல் வைத்தாள்.

"நீ இதத் திரும்ப மாட்டுய்யா" என்று உருளையை மெக்கானிக்கிடம் நீட்டினார். ஊமை அவள் பக்கம் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வண்டிக்கடியில் போனார்.

மேல்வரிசையும் ஏறியது. மச்சான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். முதலாளி லோடுமேன்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஏறுங்க."

அவள் கணவன் தோள்துண்டை உதறினான். "நாங்க நடந்து வர்றோம்."

"நடந்தா? அங்க யாரு இறக்குவா?"

"நாங்கதான். வந்து இறக்குவோம்."

"நடக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது."

"கால் எங்களுதுதானே, நடந்துக்கறோம்."

மற்ற மூவரும் அவன் பக்கம் வந்து நின்றார்கள். மச்சான் ஜன்னல் வழியே குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அக்கா, நெசமாவே அவ்வளவு தேஞ்சிருக்கா?"

"இறங்கிடு தம்பி."

அவன் முதலாளியைப் பார்த்தான். அவர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவன் கியரைப் போட்டான்.

வண்டி கோடு போட்டதுபோல நேராக வெளியே போனது. சக்கரத்தில் ஒரு நடுக்கம் இல்லை. நான்கு பேரும் பின்னால் நடந்தார்கள். அவளும் கூட நடந்தாள்.

"உனக்குத்தான் வேலை போச்சே, நீ எங்க வர்றே?" என்றான் கணவன்.

"அந்தப் பையன் போய்ச் சேர்றானான்னு பார்க்க."

வெயில் ஏறியிருந்தது. புழுதி அடங்கவில்லை. முன்னால், கற்கள் வண்டியில் போய்க்கொண்டிருந்தன.