மிருணாளினி கார் பார்க்கப் போன சனிக்கிழமை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் நிறுத்துமிடம். பின்னால் யாரோ இருவர் வாக்குவாதப்பட்டுக்கொண்டு போனார்கள்.

"புதுசு எண்டா புதுசுதானப்பா!" ஆண்குரல்.

"பழசெண்டாலும் அது ஸ்போர்ட்ஸ் கார்!" பெண்குரல்.

நான் திரும்புவதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். ஆகவே முகம், பெயர், மிச்சக் கதை எல்லாம் என் தலையில்.

முதல் தொடக்கம்: "வென்ட்வேர்த்வில்லின் மேல் கதிரவன் தன் பொற்கதிர்களை—"

வேண்டாம். கார்க் கதைக்குக் கதிரவன் எதற்கு?

இரண்டாவது: மிருணாளினி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பிள்ளைகள் மெல்பேர்னுக்குப் போனதும், தன் எட்டு இருக்கை வான் வண்டியை விற்றாள்.

(இது ஓடும். ஏறிக்கொள்ளுங்கள்.)

2

அந்த வானில் ஏறாத தமிழர் அந்த வட்டாரத்தில் குறைவு. கோயிலுக்குப் போகும் அன்ரிமார், நீச்சல் வகுப்புப் பிள்ளைகள், விமானத்தில் வந்திறங்கிய யார் யாரோ. ஓட்டுவது மிருணாளினி. பக்கத்து முன் இருக்கை எப்போதும் ஒரு பெரியவருக்கு. அவள் கணவன் அருந்தவன் கடைசி வரிசையில், பைகளுக்கு நடுவே. கல்யாணம் கட்டிய காலம் முதல் காருக்குள் இருவரும் பேசியது, பின்பக்கம் காட்டும் கண்ணாடி வழியாகத்தான்.

3

கார் விற்கும் மோனிகா கோயம்புத்தூர்க்காரி. "சார், புது மஸில் கார். ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க!"

(மஸில் கார் என்றால் நீண்ட மூக்கு, பெரிய என்ஜின், தெருவையே எழுப்பும் சத்தம். அருந்தவனும் கிட்டத்தட்ட அப்படித்தான், என்ஜினைத் தவிர.)

"பின்னுக்கும் ரெண்டு சீற் இருக்கு மிருணா. அவசரத்துக்கு ஆரையும் ஏத்தலாம்" என்றான் அவன்.

மிருணாளினி ஓட்டினாள். மோனிகா பின்னால். கார் உறுமியபோது மூவரும் காரணமில்லாமல் சிரித்தார்கள். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில் நேசமலர் அன்ரி மரக்கறிப் பையோடு நின்று கை காட்டினார். மிருணாளினியின் கால் பழக்கத்தில் பிரேக்கை அமத்திவிட்டது.

அருந்தவன் இறங்கி, இருக்கையை மடித்து, அன்ரியை உள்ளே தள்ளினான். முருங்கைக்காய்கள் மோனிகாவின் மடிக்குப் போயின.

"நல்ல கார் பிள்ளை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இதிலயே வாறன்."

"ஓம் அன்ரி" என்றாள் மிருணாளினி. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

4

அடுத்தது பழைய ஸ்போர்ட்ஸ் கார். வெள்ளி நிறம், தரையோடு தரை, கூரை திறக்கும். இருக்கை இரண்டே இரண்டு.

"நான் வர எடமில்ல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் மோனிகா, நிம்மதியாக.

போனார்கள். காற்று அவள் கொண்டையைப் பிரித்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அவள் முழங்கை அவன் முழங்கையில் இடித்தது.

இங்கே அவன், "இவ்வளவு காலமும் உன்ர முகத்தைக் கண்ணாடியிலதான் பார்த்தனான்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அருந்தவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவன் சொன்னது இதுதான்:

"கிளச் உனக்கு வடிவா வருது."

"இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலமாப்பா?"

"நான் கடைசி சீற்றில எல்லோ இருந்தனான்."

அவள் சிரித்த சிரிப்பில் கார் பக்கத்துப் பாதைக்குப் போகப் பார்த்தது.

"நேரா பார்த்து ஓட்டடியப்பா!"

"மஸில் கார் உங்கட ஆசையெல்லோ?"

"அதில பின் சீற் இருக்கு" என்றான் அவன், தன் முழங்கையை எடுக்காமல்.

5

அவர்கள் மஸில் காரை வாங்கும் முடிவு ஒன்று என்னிடம் இருந்தது. இருவரும் அதைப் படிக்கக்கூட இல்லை.

கார்க்கடைக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் பச்சை விளக்கு. மிருணாளினி திரும்பவில்லை. மோனிகாவின் அழைப்பு வந்தது. அருந்தவன் எடுத்தான்.

"பிள்ளை, இந்தக் கார்தான். பேப்பருகளை ரெடி பண்ணுங்கோ. நாங்கள் கொஞ்சம் பிந்துவம்."

"எங்க சார் போறீங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள்.

"தெரியேல்லை" என்றான் பெருமையாக.

எனக்கும் தெரியாது. கூட ஏறிப் போய்ப் பார்த்து எழுதியிருப்பேன். எழுத்தாளனுக்கு அந்தக் காரில் எங்கே இடம்? உங்களுக்கும் இல்லை. நாம் மோனிகாவோடு வாசலில் நிற்போம். கடலா, மலையா, நீங்களே அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள்.