நேற்று நிற்காத ரோலர்

குணசுந்தரியின் வலது கை ரப்பர் நசுக்கும் ரோலருக்குள் போனதைப் பார்த்ததும் வாசுகி பாய்ந்து சிவப்புப் பட்டனை அமுக்கினாள். மிஷின் நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். அது வேலை செய்யாத பட்டன் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ரப்பர் கட்டிகளைத் தாண்டி ஓடி, சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். ரோலர் நின்றபோது கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தது.

குணசுந்தரி கத்தவில்லை. "பாப்பாவோட ஸ்கூல் பஸ் ஒன்றரைக்கு வந்துரும். யாரு போய் நிக்கிறது?" என்றாள், சாதாரணமாக. அந்தக் குரல்தான் வாசுகியை உலுக்கியது.

புக்கிட் செலம்பாவ் ஊர்ப் பக்கம், கார்களுக்கு ரப்பர் விரிப்பு செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. மொத்தமே பன்னிரண்டு பேர். வாசுகி அங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறாள்; யாரை எந்த மிஷினில் நிறுத்துவது என்பது அவள் பொறுப்பு. முதலாளி சசிதரன் ஆம்புலன்ஸ் பின்னாலேயே சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனார். சாயங்காலம் குணசுந்தரியின் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை வாசுகி உள்ளே வந்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. தரை கழுவியிருந்தது. ரோலருக்கு மேலே மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புத் தடுப்பு. பட்டன் பெட்டி புத்தம் புதுசு.

சசிதரன் சவரம்கூடச் செய்யாமல் நின்றிருந்தார். "வாசுகி, ஆபீசர் வராங்க. பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு, அக்கா கவனிக்காம கைய விட்டுட்டாங்கன்னு சொல்லிடு லா. மூடிட்டா நம்ம பன்னிரண்டு பேரும் எங்க போறது?"

வாசுகி அந்தப் புதுப் பட்டன் பெட்டிக்கு அருகே போய் நின்றாள்.

பத்து மணிக்குத் தொழிற்சாலைப் பாதுகாப்பு இலாகாவிலிருந்து ஹனிஸ் என்ற பெண் அதிகாரி வந்தார். மிஷினை ஓடவிட்டுப் பட்டனை அமுக்கினார். ரோலர் சட்டென்று நின்றது. நேற்று அதே இடத்தில் அவள் விரல் அமுக்கி, அமுக்கி...

"நேத்து நிக்கல, புவான்," என்றாள் அதிகாரியிடம், மலாயில்.

"முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு மாசமா தெரியும். பாஸ்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். அப்புறம் சொல்றத விட்டுட்டேன். நேத்து அக்காவ அந்த மிஷின்ல நிக்கச் சொன்னதும் நான்தான்."

அதிகாரி சசிதரன் பக்கம் திரும்பினார். "விபத்து நடந்த இடத்துல எதையும் தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. யார் தொட்டது?"

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுச் சசிதரன் ரப்பர் கட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மிஷினுக்கு சீல் வைத்தார்கள். வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். ஐந்து வாரம் வேலை நின்றது. அதற்குள் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி, காளியம்மா, பசாரில் வாசுகியைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்லவேளை, சசிதரன் எல்லோருக்கும் பெர்கேசோ காப்பீட்டுச் சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தார். குணசுந்தரிக்கு அந்த இழப்பீடு வரத் தொடங்கியது.

வாசுகி அவளைப் போய்ப் பார்க்கவே மூன்று வாரம் ஆனது. வாசலிலேயே நின்று, "பட்டன் கெட்டுப்போனது எனக்குத் தெரியும், அக்கா," என்றாள்.

குணசுந்தரி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியும்டி. எல்லாருக்கும் தெரியும். உள்ள வா."

நான்கு மாதம் கழித்து சசிதரன் குணசுந்தரியைப் பேக்கிங் வேலைக்குக் கூப்பிட்டார். வந்தாள். ஆனால், ரோலர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போனாள். வாசுகியும் கூடவே போய் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்தாள். உள்ளே சத்தம் அடங்கியது. சசிதரன்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார். அவர் வாசல்வரை வந்து நின்றார்.

"ஓட விடுங்க பாஸ்," என்றாள் குணசுந்தரி. "நான் இங்கிருந்தே கேட்டுப் பழகிக்கிறேன்."