கிரிவலம் போன கத்தி

அடி அண்ணாமலையில் இளநீர் விற்கும் ஆதிலட்சுமியின் கத்தி, பங்குனிப் பௌர்ணமியன்று மாலை நாலரை மணிக்கு, உறையோடு எழுந்து கிரிவலம் கிளம்பியது. நல்லவேளை, மலையை வலமாகத்தான் சுற்றியது.

கத்தியைக் குறை சொல்ல முடியாது. முழ நீளக் கத்தி. எந்த உறையும் அதற்குத் தாங்கவில்லை. அட்டை உறையை ஒரு வாரத்தில் அறுத்தது, சாக்கு உறையை இரண்டே நாளில். பிவிசி குழாயைச் சூடு காட்டித் தட்டையாக்கிச் செய்த உறையும் வெடித்து, முனை ஆட்டோ சீட்டைக் கிழித்த அன்று அவள் கணவன் முருகவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆட்டோ அவனுடையது. கோயில் பக்கம் பக்தர்கள் விட்டுப்போய், மாதக்கணக்கில் யாரும் தேடி வராத செருப்புக் குவியலிலிருந்து பதினொரு தோல் செருப்புகளைப் பொறுக்கி வந்தான். எதற்கும் ஜோடி கிடையாது. ஊறவைத்துப் பிரித்து, கத்தியின் வாய் தையலில் படாமலிருக்க நடுவில் தடித்த பட்டை கொடுத்து, நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டு, செப்பு ஆணியும் அடித்தான். யானை மிதித்தாலும் கிழியாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். கிழியவுமில்லை. ஆனால் கிரிவலக்காரர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள். மலை சுற்ற ஆசையாக வந்து வாசலிலேயே கழற்றிவிடப்பட்ட செருப்புகள் அவை. அந்த மகானுபாவன் இதை யோசிக்கவில்லை.

பௌர்ணமி வியாபாரம்தான் அவர்களுக்கு மாதம் முழுக்கச் சோறு. அன்று கத்தியில்லாமல் ஆதிலட்சுமி கையைப் பிசைந்து நிற்க, கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போனது. கத்தி மலையைச் சுற்றி முடித்து நள்ளிரவில்தான் வீடு திரும்பியது. இன்னும் இரண்டு பௌர்ணமி இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான். சித்திரைப் பௌர்ணமிக்கு, மதியமே கத்தியை உருவி அரிசி டிரம்மில் ஒளித்தாள். உறையோ டிரம்மின் மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து, கத்தியை மாட்டிக்கொண்டு வந்தது.

"வண்டியோட சேத்துக் கட்டிடு. எங்க போவுதுனு பாக்கலாம்," என்றான் முருகவேல்.

கட்டினாள். நாலரைக்கு இளநீர் வண்டியும் சேர்ந்து கிளம்பியது.

செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். கூட்டம் கும்பிட்டு வழிவிட்டது. குபேர லிங்கத்தருகே ஒரு பெண்மணி, "ரெண்டு இளநி வெட்டுங்கம்மா," என்றதும் வண்டி நின்றது. உறை இளகிக் கத்தியை விட்டது. வெட்டி முடித்துச் செருகியதும் நகர்ந்தது. எம லிங்கம் வருவதற்குள் ஒரு காய் மிச்சமில்லை. அப்போதும் அது நிற்பதாயில்லை. காலி வண்டியோடு முழுச் சுற்றும் நடந்தாள்.

வீடு வந்து காலை நீட்டி உட்கார்ந்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கால் நோவுதுயா. வர்ற மாசம் காய் ஜாஸ்தியா ஏத்து. நீயும் வா, தள்ற வேலையே இல்ல," என்றாள்.

வைகாசிப் பௌர்ணமிக்கு முருகவேலும் ஆட்டோவை வீட்டில் நிறுத்திவிட்டு, வண்டிக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தான்.