ஜெப நேரத்து ஜன்னல்கள்

"உங்க வீட்டுல சாயங்கால ஜெபம் எத்தனை மணிக்கு மக்கா?"

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று ஷிஜி அக்கா என்னிடம் கேட்ட கேள்வி அது. புருஷனிடம் அடிபட்டு வருகிற பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தங்க வைப்பதற்காக ஒரு டிரஸ்ட் நடத்துகிற வீடு. திருவட்டாறு பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, போலீஸ், கோர்ட், பள்ளிக்கூடம் என்று கூடவே அலைவது ஷிஜி அக்காவின் வேலை. அவரவர் வழக்கப்படி கும்பிடட்டும் என்றுதான் அப்படிக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ஏழு மணிக்கு" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் ஏழு மணியானால் அப்பா ஸ்பீக்கரில் எப்போதும் ஒரே ஜெபப் பாட்டைப் போடுவார். சபைப் பாடகர் குழுவில் அவர் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. முதல் சரணத்தைச் சேர்ந்து பாடுவார். இரண்டாவது சரணத்தில் அவர் குரல் நின்றுவிடும். ஸ்பீக்கர் பெட்டி மட்டும் பாடும். அம்மாவின் சத்தம் அதற்குள் அமிழ்ந்து போகும். ஜன்னல்களை அடைப்பது என் தங்கை பிரீனாவின் வேலை. அடைத்துவிட்டு மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். கடைசியில் அப்பா "ஆமென்" என்பார். பிறகு எல்லோரும் சாப்பிட உட்காருவோம்.

பக்கத்து வீட்டு ஞானதாசன் மாமா சபைக் கமிட்டியில் இருப்பவர். காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வார்: "ஜெபகனி, உங்க வீட்டுல ஒரு நாளும் ஜெபம் முடங்கல்ல, கேட்டியா? ஆசீர்வாதமான வீடு." அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தலையாட்டுவாள்.

அடியைப் பற்றி அம்மா ஷிஜி அக்காவிடம் சொல்லியிருந்தாள். முதுகையும் காட்டியிருந்தாள். பாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஜெபத்தைக் குறை சொன்னால் பாவம் வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். "அத யாருகிட்டயும் சொல்லாண்டாம்" என்று என்னிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் அப்படிச் சொல்லாவிட்டாலும் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். வகுப்பில் வருகைக்குப் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குச் சத்தம் வராது. பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றபோது நான் வராததை யாரும் கவனித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

புது வீட்டில் ஸ்பீக்கர் இல்லை. ஆனாலும் பாட்டு வந்தது. மிக்ஸி சுற்றும்போது அதற்கு அடியில் கேட்டது. தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் அதே தாளத்தில் உருண்டது. ஏழு மணி நெருங்கினால் அம்மாவின் தோள் இரண்டும் தானாகவே காதை நோக்கி ஏறும். ஒருநாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில் அவள் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது, இவ்வளவு நேரமும் நான் அதை முனகிக்கொண்டிருந்தேன் என்று.

பிரீனா இருட்டத் தொடங்கியதும் எழுந்து அறை அறையாகப் போய் ஜன்னல்களை அடைப்பாள். மண்டைக்காட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சுபிதா அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஏட்டி பிரீனா, உன்னக் கண்டு பயந்து இஞ்ச உள்ள கொசு பூராவும் குளச்சலுக்கு பஸ் ஏறியாச்சு."

எல்லோரும் சிரிப்பார்கள். பிரீனா சிரிக்க மாட்டாள். ஜன்னல் கொண்டி சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பாள்.

டிசம்பர் பிறந்ததும் ஞானதாசன் மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். அப்பா மாறிவிட்டார், தினமும் அழுகிறார், கிறிஸ்மஸுக்கு முன்னால் பேசித் தீர்த்துவிடலாம் என்றார்.

"மாமா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் அம்மா. "பிள்ளையளுக்கு ஒரு வீடு வேண்டாமா ஷிஜி?"

"போறதும் இருக்கதும் உங்க இஷ்டம் அக்கா. போனாலும் இந்தக் கதவு உங்களுக்குத் திறந்துதான் கிடக்கும். பேச்சு மட்டும் நம்ம ஆபீஸ்ல வச்சு."

ஷிஜி அக்காவிடம் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தைக் கண்டதும் எல்லாம் உள்ளே போய்விட்டது.

தக்கலையில் டிரஸ்ட்டின் ஆபீஸ். நல்ல வெயில் அடிக்கிற காலை நேரம். அப்பா எங்களுக்குப் புது உடுப்பும் ஒரு டப்பா அச்சு முறுக்கும் கொண்டு வந்திருந்தார். "என் தங்கக்குட்டி" என்று பிரீனாவைத் தூக்கினார். அவள் மரக்கட்டை மாதிரி இருந்தாள்.

"நான் தப்பு செய்திட்டேன் ஜெபகனி" என்று அப்பா கண்ணைத் துடைத்தார்.

"இப்பிடி அழுத ஒரு ஆம்பளைய நான் கண்டதில்ல" என்றார் ஞானதாசன் மாமா. "நீ வீட்டுக்கு வா. மத்தத கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

எங்கள் பை கட்டியபடி அம்மாவின் காலடியில் இருந்தது. ஷிஜி அக்கா, "நிச்சயமா அக்கா?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்க்காமல், "ம்" என்றாள்.

மாமாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்போ ஒரு பாட்டு பாடி ஜெபிச்சிட்டு எறங்குவோம். குமாரதாஸே, நீ தொடங்கு."

அப்பா தொண்டையைச் செருமினார். அந்தப் பாட்டையே தொடங்கினார். நல்ல குரல். அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பிரீனா நாற்காலியிலிருந்து இறங்கினாள். முதல் ஜன்னலை அடைத்தாள். அடுத்ததற்கு எட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி அடைத்தாள். கொண்டியை இழுத்துப் பார்த்தாள். அறையில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கதவையும் சாத்திக் கொண்டி போட்டாள். பிறகு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

அப்பாவின் குரல் பாதி வரியில் நின்றது.

ஷிஜி அக்கா தரையில் உட்கார்ந்து, அவள் கையை மெல்ல விலக்கினார். "பிரீனாக்குட்டி, ஏன் மக்கா அடச்சே?"

"ஜெபம் தொடங்கியாச்சுல்லா."

"ஜெபத்துக்கு ஜன்னல அடைக்கணுமா?"

"அடைக்கணும். இல்லேன்னா அம்மா அழுகது பக்கத்து வீட்டு மாமாக்குக் கேட்டிரும்."

"பாத்தியளா?" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். "சின்னப் பிள்ளைக்கு என்னத்த எல்லாம் சொல்லிக் குடுத்து வச்சிருக்காவ!"

ஷிஜி அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஞானதாசன் மாமாவின் முகத்தையும் பார்த்தேன். அதில் திகைப்பே இல்லை.

அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். காலடியில் கிடந்த பையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நாங்க வரல்ல" என்றாள் அப்பாவிடம். தாழ்ந்த குரல்தான். ஆனால் கேட்டது. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். "ஜன்னல அடச்சாலும் உங்களுக்குக் கேட்டிருக்கு. இல்லியா மாமா?"

அவர் வேதாகமத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிரீனாவின் கால் மேசைக்கு வெளியே நீண்டு கிடந்தது. அதை மிதித்துவிடாமல் பார்த்துத் தாண்டினார். "மாமா, நில்லுங்க, நானும் வாறேன்" என்றார் அப்பா. மாமா கதவின் கொண்டியை நீக்கி, எங்கள் யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார்.