உங்கள் ஜனாதிபதி உறுதியானவர்

...கூப்பிடு, இன்றைக்கே கூப்பிடு, மனைவியையும் பிள்ளைகளையும் முதல் விமானத்தில் ஏற்று, இவ்வளவுதானே சொல்லியிருக்க வேண்டும், இதைச் சொல்ல என்ன பெரிய நொர்வேஜிய மொழி வேண்டியிருக்கிறது, குளிர்காலச் சப்பாத்துக்கு விலை பேசத் தெரிந்த வாய்க்கு இது தெரியாதா, ஆனால் அருளானந்தனின் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது, உங்கள் ஜனாதிபதி உறுதியானவர், அவர் இருக்கும்வரை ஒன்றும் நடக்காது என்று, சொன்னதோடு நிற்காமல் பூம்பூம் மாடு மாதிரித் தலையையும் ஆட்டிவிட்டது. ரயில் குறொன்லாண்ட் தரிப்பை விட்டு வெளிக்கிட்டுவிட்டது, மரக்கறிப் பை காலடியில், பக்கத்தில் தங்கேஸ்வரி, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. சுரங்கத்துக்குள் யன்னலில் என்ன தெரியும்? இருட்டும் புருசனின் முகமும்தான் தெரியும், அதைத்தான் பார்க்கிறாளோ...

றியாஸ் கேட்டதில் பிழையில்லை. சனிக்கிழமைதோறும் போகிற மரக்கறிக் கடை அவனுடையது, அவன் பாகிஸ்தான்காரன், இவர்கள் யாழ்ப்பாணத்தார், பாவற்காய் இரண்டு பேருக்கும் பாவற்காய்தான். தங்கச்சியின் கலியாணத்துக்கென்று அவன் மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு சியால்கோட்டுக்குப் போயிருக்கிறாள், எல்லையிலிருந்து கூப்பிடு தூரம், எல்லையின் இரண்டு பக்கமும் இராணுவம் குவிந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கிறது, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம், வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் பெட்டியைக் கட்டுகிறார்கள். கடையின் மூலையில் தொலைக்காட்சியில் பாகிஸ்தான் ஜனாதிபதி பேசினார், உர்தூ ஒரு சொல்லும் அருளானந்தனுக்கு விளங்கவில்லை, பொத்தான் எல்லாம் பூட்டிய சீருடையும் குரலின் இறுக்கமும் மட்டும் விளங்கின, முன்னால் நின்ற இரண்டு பேர் ஆமோதித்துத் தலையசைத்தார்கள், அதுவும் விளங்கியது, ஐயோ, அதுதான் முதலில் விளங்கியது. அப்போதுதான் றியாஸ் மேசைக்கு மேலால் குனிந்து, அவர்களுக்குக் கேட்காத குரலில், “அருள், நீங்கள் சண்டைக்குள் இருந்து வந்த ஆள். இங்கே எல்லாரும் எங்கள் ஜனாதிபதி கெட்டிக்காரர், பயப்படாதே என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள், அவர்களைக் கூப்பிடட்டா, கலியாணம் முடியும்வரை விடட்டா?” என்று கேட்டான். கேட்கும்போது கையில் புதினாக் கட்டு, அதைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டான். இவ்வளவு பேர் இருக்க ஏன் என்னைக் கேட்டான்... அந்தக் கடையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தபடியால்தானே கேட்டான்!

உண்மை தெரியும்தான். குண்டுபோடும் பொம்பர் சுற்றத் தொடங்கியபிறகு பாதையில்லை என்று தெரியும், ஒன்றும் நடக்காது என்று பெரிய மனிதர் சொன்ன ஊரில் அடுத்த கிழமை பிரேதம் தூக்க ஆளில்லாமல் போனது தெரியும். ஆனால் தலையாட்டவும் தெரியும், அதில் அவன் பழுத்தவன். ஆனையிறவுச் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் அடையாள அட்டையைப் புரட்டிக்கொண்டே, “சனாதிபதி நல்லம்தானே?” என்று கொச்சைத் தமிழில் கேட்டபோது, “ஓம் ஐயா, நல்லவர்” என்றவன், அந்தப் பக்கம் தாண்டியதும் இயக்கப் பெடியள் மறித்து அதே ஜனாதிபதியைத் திட்ட, அதற்கும் ஓம் என்றவன். அதை இவ்வளவு காலமும் கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தான், உயிர் தப்பியதே அதனால்தான் என்று விருந்துகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியும் இருக்கிறான். சிப்பாயின் கையில் துவக்கு இருந்தது, பெடியளின் கையிலும் இருந்தது, றியாஸின் கையில் என்ன இருந்தது? புதினா. வெட்கம் காதுவரை சுட்டது, ரயிலில் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது, பார்த்தால், ஒருவரும் பார்க்கவில்லை.

ஹெல்ஸ்ஃபிர் தாண்டித்தான் தங்கேஸ்வரி வாய் திறந்தாள். “ஏனப்பா அந்தாளுக்கு அப்பிடிச் சொன்னீங்கள்?” மனம் நோகக் கூடாதென்று சொன்னனான், என்றான், மற்ற ஆக்களும் நிண்டவை, என்றான். அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் பரவாயில்லை. “எங்கட பிள்ளையள் அங்கை நிண்டா இப்பிடிச் சொல்லுவீங்களோ?” அவர்களுடைய பிள்ளைகள் இப்போது மோர்டென்ஸ்ருட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும்... பிறகு அவளே, “கடை நம்பர் பையிலை அடிச்சுக் கிடக்கு, எடுத்துச் சொல்லுங்கோ, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு” என்றாள். சரி, சொல்லலாம், இறங்கியதும் சொல்லலாம், போலர், ஸ்குல்லெருட், ஒவ்வொரு தரிப்பிலும் வசனத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தான், றியாஸ், நான் சொன்னது பிழை, அந்த மனிதரை எனக்குத் தெரியாது, அவர் உறுதியானவரோ மண்டைக்கனம் பிடித்தவரோ எனக்குத் தெரியாது, மற்றப் பக்கத்தில் இருப்பவரையும் தெரியாது, எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளோடு நிற்கக்கூடாத இடம் எதுவென்பதுதான். நல்ல வசனம், சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

மோர்டென்ஸ்ருட் மேடையில் நின்று எண்ணை அழுத்தினான், தங்கேஸ்வரி பையோடு சற்றுத் தள்ளி நின்றாள், மணி அடித்தது. றியாஸ் எடுத்ததும் இவன் வாய் திறக்குமுன் அவன் தொடங்கிவிட்டான், அருளா, நல்லகாலம் நீங்கள் வந்தீர்கள், இப்போதுதான் அவளோடு கதைத்தேன், போர் பார்த்த மனிதர் ஒருவர் பயமில்லை என்கிறார், கலியாணம் முடித்துக்கொண்டே வா என்று சொல்லிவிட்டேன், எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள், தெரியுமா, இன்றைக்குத்தான் நானும் வடிவாகச் சாப்பிட்டேன்... அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி, அப்படி ஒரு நன்றி. இப்போது, இந்த இடத்தில், றியாஸ், கேளுங்கள் என்று தொடங்க வேண்டும், தொடங்கு, தொடங்கடா... “யா, யா” என்றது வாய், “நல்லது, மிக நல்லது” என்றது, தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியாத தலை தன்பாட்டில் ஆடியது, தங்கேஸ்வரி அதைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படிகளை நோக்கி நடந்தாள். அவளைக் கூப்பிடவும் முடியாமல் தொலைபேசியை வைக்கவும் முடியாமல் நின்ற அருளானந்தனுக்கு, ஆனையிறவிலும் தன் தலையை ஆட்டியது துவக்கு மட்டும்தானா, அந்தச் சிப்பாய் தோளில் தட்டிச் சிரித்தபோது தனக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்ததல்லவா என்று, முதல் தடவையாகப் பட்டது.